பதினாறில் ஒரு தூண்

செத்தவரின் வலது முஷ்டியைப் பிரிக்க ஆஸ்பத்திரியில் இரண்டு ஆட்கள் தேவைப்பட்டார்களாம். பிரித்தபோது உள்ளே இருந்தது ஒரு சாண் நீளக் கம்பித் துண்டு. இடிபாட்டுக் குப்பைதானே என்று அதைச் செருப்போடும் உடைந்த மூக்குக்கண்ணாடியோடும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய மனைவி அந்தப் பையை அப்படியே கொண்டுவந்து மேடத்தின் மேஜையில் கவிழ்த்தார்.

மேடம் பதினெட்டு வருஷம் போலீஸில் இருந்தவர். மேலதிகாரியை முகத்துக்கு நேரே 'நீங்க சொல்றது பொய்' என்று சொன்ன மறுநாளிலிருந்து சொந்தமாகத் துப்பறிகிறவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவருடைய உதவியாளன் கடுகு. வயது நாற்பது, உயரம் ஐந்தடிக்கு இரண்டு விரல் குறைவு, நாக்கு மட்டும் ஆறடி.

"நிலநடுக்கம் வந்தது செவ்வாய்க்கிழமை காலையில. என் வீட்டுக்காரர் வெளிய கிளம்பினது மத்தியானம்" என்றார் அந்தம்மா. "இடிஞ்ச கட்டடத்தைப் பார்க்கப் போனாரு, மறுபடியும் ஆடினப்போ மேல இருந்து சிலாப் விழுந்து செத்துட்டாருன்னு எழுதிட்டாங்க. அவரு கட்டட இன்ஜினீயர் மேடம். வீட்ல ஆடுற ஃபேனுக்குக் கீழகூட உக்கார மாட்டாரு. தொங்குற சிலாப்புக்குக் கீழ போய் நிப்பாரா?"

கடுகுக்கு ஒரு கிண்டல் வாய் வரைக்கும் வந்தது. அந்தம்மாவின் கண்களைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான்.

மேடம் கம்பித் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு நுனி தூண்டில் முள் போல மடிந்திருந்தது. மறு நுனி பளபளவென்று இருந்தது.

"நிலநடுக்கம் எதையும் உடைக்கும், முறுக்கும். ரம்பம் வச்சு அறுக்காது. இதை யாரோ அறுத்து எடுத்திருக்காங்க. என்ன கம்பி இது?"

அந்தம்மா தொழிற்பயிற்சிப் பள்ளியில் கட்டட வரைபடம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். பேப்பரில் நாலு கோடு போட்டார். "பில்லர்ல நெட்டுக்குத்தா நிக்கிறது பெரிய கம்பி. அதைச் சுத்தி பெல்ட் மாதிரி சின்னக் கம்பியில ரிங் போடுவாங்க. ரிங்கோட ரெண்டு நுனியையும் இப்படி உள்பக்கமா, கான்கிரீட்டுக்குள்ள கொக்கி மாதிரி மடிக்கணும். அதுக்கு நேரம் பிடிக்கும். சும்மா இங்கிலீஷ் எழுத்து எல் மாதிரி மடிச்சு விட்டா வேலை சட்டுனு முடியும், பார்க்கவும் வித்தியாசம் தெரியாது. ஆனா கட்டடம் ஆடினா மேல் கான்கிரீட் உதிரும், ரிங் திறந்துக்கும். பெரிய கம்பி பிதுங்கி வெளிய வரும். உள்ள இருக்கிற கான்கிரீட், கிழிஞ்ச மூட்டையில இருந்து அரிசி கொட்டுற மாதிரி கொட்டிடும்."

"பெல்ட் அறுந்தா பேன்ட் மட்டும்தான் விழும்னு நினைச்சேன்" என்றான் கடுகு. இந்தத் தடவை விழுங்க முடியவில்லை.

அந்தம்மா மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்ததும் அழுதார்.

*

இடிந்த கட்டடத்தில் மேடமும் கடுகும் ஒரு மணி நேரம் குனிந்தே நடந்தார்கள். செவ்வாய்க்கிழமை பதினோரு உயிரை வாங்கிய இடம் அது. ஒற்றைச் செருப்பு, நசுங்கின சைக்கிள், சுவரில் காய்ந்துபோன ரத்தம்.

"மேடம், நூத்தி நாலு ரிங் எண்ணிட்டேன். ஒண்ணுகூடக் கொக்கி கிடையாது. எல்லாம் எல். எல்லாம் வாயைப் பிளந்துக்கிட்டுக் கொட்டாவி விடுது."

"அப்போ அவர் கையில இருந்தது இந்தக் கட்டடத்துக் கம்பி இல்ல. வேற எங்கயோ அறுத்திருக்காரு. அங்கயே செத்திருக்காரு. பிணத்தை மட்டும் கொண்டுவந்து இங்க போட்டிருக்காங்க. பதினோரு பேரோட பன்னிரண்டாவதா."

தூசியில் தோய்ந்த மீட்புப் படைக்காரர் ஒருவர் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தார். அவரிடம் மேடம் பேச்சுக் கொடுத்தார். அந்த மனிதருக்கு மூன்று நாளாக யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்திருக்க வேண்டும். கொட்டித் தீர்த்தார்.

"கீழ் தளம் பூரா கார் நிறுத்துற இடம்மா. சுவரே கிடையாது. மேல மூணு மாடியும் சுவரோட பெட்டி மாதிரி கெட்டியா இருக்கு. ஆடினதும் கீழ் தளம் மட்டும் நசுங்கிடுச்சு. பெட்டி அப்படியே தரையில உக்காந்துடுச்சு. செத்த பதினோரு பேரும் படியில இறங்கி ஓடி வந்தவங்க. முதல் மாடியில பயந்துபோய்க் கட்டிலுக்கடியில படுத்திருந்த தாத்தா, பால்கனியில இருந்து நேரா ரோட்டுக்கு நடந்து வந்தாரும்மா. செருப்புகூடப் போட்டுக்கிட்டு வந்தாரு."

மேடம் எதிர்ப்பக்கம் திரும்பினார். சாலைக்கு அந்தப் பக்கம் இதே கட்டடத்தின் இரட்டைப் பிறவி நின்றுகொண்டிருந்தது. அதே பில்டர், அதே கம்பி மேஸ்திரி, அதே மூன்று மாடி. புதுசாகப் பூசி வெள்ளையடித்து மணமகன் மாதிரி இருந்தது. கேட்டுக்கு வெளியே மூட்டை முடிச்சோடு முப்பது குடும்பம் வரிசையில் நின்றது. மூன்று ராத்திரி தார்ப்பாய்க்கடியில் படுத்தவர்கள். 'ஒரு விரிசல் கிடையாது, அஞ்சு மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்' என்று பில்டர் சொல்லியிருந்தான். கம்பி மேஸ்திரி மட்டும் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆளைக் காணோம்.

"மணி நாலே கால்" என்றார் மேடம். "அந்த மேஸ்திரியைப் பிடிக்கணும். இதுக்குள்ள என்ன கம்பி கட்டினான்னு அவனுக்குத்தான் தெரியும்."

கடுகு அதற்குள் வரிசைப் பக்கம் நடந்திருந்தான். அந்த வரிசையில் நாலாவதாக நின்றது அவனுடைய அக்கா.

*

"வாங்க கலெக்டரம்மா" என்றான். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் அக்காவை அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவள் போடுகிற அதிகாரத்துக்கு அவன் வைத்த பெயர் அதுதான். "உள்ள போகாத. கட்டடம் சரியில்ல."

"ஆமா, நேத்து ராத்திரி தார்ப்பாய்க்குள்ள பாம்புன்னு சொன்ன. எழுபது பேரு ஓடினோம். உன் வாயில இருந்து என்னைக்காவது ஒரு நிஜம் வந்திருக்காடா?" அவள் மகளின் தலையைத் தடவினாள். ஏழு வயசுப் பெண். பிறவியிலேயே காது மந்தம். "இவளோட காது மிஷின் மேல முதல் மாடியில இருக்கு. மூணு நாளா புள்ள ஒண்ணும் கேக்காம முழிக்குது. அதை எடுக்கணும்."

குழந்தை மாமனைப் பார்த்துச் சிரித்தது. கடுகு பதிலுக்கு மூக்கைக் காதுவரைக்கும் இழுத்துக் காட்டினான்.

*

வாட்ச்மேன் கேட்டைத் திறந்து மேடத்தையும் கடுகையும் மட்டும் உள்ளே விட்டார். காக்கிச் சட்டை தோளில் தொங்கியது. இன்னொருவர் அளவுக்குத் தைத்தது போல. பூட்டு நிலநடுக்கத்தில் போய்விட்டதாம். கேட்டைச் சாத்தியதும் கட்டுக்கம்பியை இரண்டாக மடித்து, தாழ்ப்பாளைச் சுற்றி ஒரு கொக்கியால் ஒரே முறுக்கு. கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது.

"கம்பி மேஸ்திரியா? செவ்வாய்க்கிழமையே பஸ் ஏறிட்டாரும்மா. நான் போன மாசம் வந்தவன். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

"எல்லா வாட்ச்மேனுக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் நல்லாத் தெரியும்" என்றான் கடுகு.

சொல்லி முடிப்பதற்குள் தரை ஆடியது. பெரிசாக இல்லை, லாரி ஒன்று காலடியில் போவது போல. வெளியே கூட்டம் அலறியது. மேடமும் கடுகும் வெட்டவெளிக்குப் பாய்ந்தார்கள். நாலு நொடியில் அடங்கிவிட்டது.

கடுகு திரும்பிப் பார்த்தான். வாட்ச்மேன் கேட்டருகே, வெட்டவெளியிலிருந்து மூன்றே எட்டில் நின்றவர். இப்போது கட்டடத்துக்குள்ளே, மாடிப்படியோரம் இருந்த ஒரு தூணைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பெரியவரே, வீட்ல சம்சாரம் இதைப் பார்த்தா சண்டைக்கு வரப்போகுது!"

வாட்ச்மேன் அசட்டுச் சிரிப்பு சிரித்து, மோட்டார் ரூமைப் பார்த்து வருவதாகச் சொல்லிப் பின்பக்கம் போனார். மேடம் சிரிக்கவில்லை. விரலை நீட்டித் தூண்களை எண்ணினார். நாலு வரிசை, வரிசைக்கு நாலு. பதினாறு. பிறகு நேராகப் போய் வாட்ச்மேன் கட்டிக்கொண்டிருந்த தூணின் முன்னால் உட்கார்ந்தார். முழங்கால் உயரத்தில் ஓர் இடம் மட்டும் வெள்ளையடித்தும் ஈரமாக இருந்தது.

"கொத்து" என்றார்.

கடுகு பையிலிருந்த சுத்தியலால் நாலு தட்டு தட்டினான். ஈரப் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே பெரிய கம்பி. அதைச் சுற்றி ரிங். ஒரு ரிங்கில் ஒரு சாண் அளவு அறுத்து எடுத்திருந்தது. மேடம் துண்டை அங்கே வைத்தார். வெட்டுக்கு வெட்டு பொருந்தியது. மேலும் கீழும் இருந்த ரிங்குகளும் கொக்கிபோட்டு ஒழுங்காக உள்ளே மடிந்திருந்தன.

"மேடம், அப்போ இந்தக் கட்டடம் நல்ல கட்டடமா?" கடுகின் குரலில் சந்தோஷமே வந்துவிட்டது.

"அடுத்த தூணைக் கொத்து."

கொத்தினான். எல். அதற்கடுத்தது. எல். மேடம் டீச்சரம்மாவுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார்.

"படியோரத் தூணா?" என்றது அந்தக் குரல். "அதை ஆபீசர் பில்லர்னு சொல்லுவாங்க மேடம். சோதனைக்கு வர்ற அதிகாரி வெயில்ல உள்ள வரைக்கும் நடக்க மாட்டாரு. படிக்குப் பக்கத்துல இருக்கிறதைப் பார்ப்பாரு, போட்டோ எடுப்பாரு, காபி குடிச்சுட்டுப் போயிடுவாரு. அதனால அந்த ஒண்ணை மட்டும் சுத்தமாக் கட்டுவாங்க. அதிகாரி பார்த்துட்டுப் போனதும் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி கான்கிரீட் ஊத்திட்டா, எது எதுன்னு கட்டினவனைத் தவிர யாருக்கும் தெரியாது. அங்க இல்லாத கொக்கி இங்க ஒண்ணுல இருக்கேன்னு அறுத்துப் பார்த்துதான் என் வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடிச்சிருக்காரு."

மேடம் போனை மெல்ல இறக்கினார். "கடுகு. வெளியில இருந்து பார்த்தா பதினாறும் ஒண்ணு. ஆடும்போது எல்லாரும் வெளிய ஓடுவாங்க. ஒருத்தன் மட்டும் உள்ள ஓடி, பதினாறுல சரியா இதைப் பிடிக்கிறான்."

"கட்டினவனைத் தவிர யாருக்கும் தெரியாது" என்றான் கடுகு. அந்த ஒற்றை முறுக்கு இப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது. கம்பி கட்டிக் கட்டிக் கை பழகினவன் போடுகிற முறுக்கு. "மேடம், நாம தேடுற மேஸ்திரிதான் நமக்கு கேட்டைத் திறந்து விட்டான்!"

"காக்கிச் சட்டை போட்டா மூஞ்சியை யாரும் பார்க்க மாட்டாங்கன்னு பில்டர் சொன்னாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நீங்களும் பார்க்கல."

மேடம் திரும்புவதற்குள் இரும்பு இறங்கிவிட்டது. கம்பி வளைக்கிற நாலடித் தடி. கழுத்தெலும்பு முறிந்த சத்தம் கடுகுக்குத் தெளிவாகக் கேட்டது. மேடம் முழங்காலிட்டுச் சரிந்தார். இரண்டாவது அடி தலைக்கு. அவர் உருண்டதால் தரையில் விழுந்து தீப்பொறி பறந்தது.

கடுகு பாய்ந்தான். அவன் உயரத்துக்கு மேஸ்திரியின் முதுகுதான் எட்டியது. ஏறித் தொற்றிக்கொண்டு காதைக் கடித்தான். வாயெல்லாம் ரத்தம். மேஸ்திரி அவனை முதுகோடு தூணில் ஒரு மோது மோதினான். பிறகு முன்னால் இழுத்துப்போட்டு முகத்தில் மிதித்தான். கடுகின் முன்பல் இரண்டும் நாக்கில் உருண்டன.

"அந்த இன்ஜினீயர் நல்ல மனுஷன்தான்" என்றான் மேஸ்திரி மூச்சிரைக்க. "ஐயோன்னுகூடச் சொல்லல. 'எத்தனை பில்லர்ல கொக்கி இல்ல, எத்தனை பில்லர்ல கொக்கி இல்ல'ன்னு அதையே கேட்டாரு. பதினஞ்சுன்னு சொன்னேன். போனை எடுத்தாரு. அடிச்சேன். அங்க பதினோரு பேரு செத்துட்டாங்கய்யா. இன்னொரு கட்டடமும் என் தலையில வந்தா நான் எங்க போவேன்?"

"இந்த முப்பது குடும்பம் எங்கடா போகும்?" என்று மேடம் தரையிலிருந்து கேட்டார்.

பதிலுக்குத் தடி உயர்ந்தது. மேடத்தின் ஒரு கை செத்துக் கிடந்தது. இன்னொரு கையில் அந்தக் கம்பித் துண்டு இருந்தது. செத்த பிறகும் இன்ஜினீயர் விடாமல் பிடித்திருந்ததை மேடம் மேஸ்திரியின் தொடையில் அறுத்த முனையால் சொருகி, முழுப் பலத்தோடு திருகினார். அவன் மாடு மாதிரி கத்தினான். தடி தெறித்து விழுந்தது.

அப்போதுதான் தரை மறுபடியும் ஆடியது. இந்தத் தடவை லாரி இல்லை. தரையே ஒரு பக்கம் இழுத்து, மறு பக்கம் உதைத்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் படிக்கட்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல். "டேய்! கிடைச்சிருச்சுடா!"

கடுகு அண்ணாந்தான். அக்கா. பின்பக்க ஜெனரேட்டர் சந்து வழியாக எப்போதோ புகுந்து ஏறியிருக்கிறாள். முதல் மாடிக்கும் கீழுக்கும் நடுவில், கையில் காது மிஷினோடு, தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் பத்துப் படி. பத்துப் படி இறங்கினால் நேராக இந்தத் தளத்துக்குத்தான் வருவாள். பதினோரு பேரும் இப்படித்தானே இறங்கினார்கள்.

"மேல போ!" என்று கத்தினான். "கலெக்டரம்மா, இறங்காத! மேல போ!"

"விளையாடாதடா, ஆடுது!" அவள் இன்னும் இரண்டு படி இறங்கினாள்.

நாற்பது வருஷம் அவன் சொன்ன பொய், பாம்பு, கிண்டல் எல்லாம் அந்தப் படியில் வந்து குறுக்கே நின்றது. இந்த ஒரு நிஜத்தை எந்தக் குரலில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அக்கா!"

அவள் நின்றாள். முகம் வெளுத்தது. அந்தச் சொல்லை அந்த வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. அடுத்த கணம் ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பி மேலே ஓடினாள்.

கடுகு மேடத்தின் நல்ல கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்தான். மேஸ்திரி வெளியே ஓடவில்லை. ரத்தம் ஒழுகும் காலை இழுத்துக்கொண்டு தன் தூணுக்குப் போனான். இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டான்.

பதினைந்து தூணும் தலைப்பக்கத்தில் வெடித்தன. பூச்சு சிதறியது, ரிங் வாயைத் திறந்தது, பெரிய கம்பிகள் பிதுங்கின. உள்ளிருந்து கான்கிரீட் அரிசி மாதிரியேதான் கொட்டியது. கட்டடம் சாயவில்லை. அப்படியே உட்கார்ந்தது. அந்தச் சத்தம் கடுகின் பற்களில்லாத ஈறு வரைக்கும் ஏறியது.

தூசி அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. மேஸ்திரி முறுக்கிய கம்பி கேட்டில் அப்படியே இருந்ததால் முப்பது குடும்பமும் வெளியே உயிரோடு இருந்தது. அஞ்சு மணிக்குக் கேட்டைத் திறந்துவிட வந்து, இப்போது காரை நோக்கி நழுவிய பில்டரை முதலில் பார்த்தது ஒரு பெண்மணி. கையிலிருந்த குக்கரை அவன் மண்டையில் இறக்கினாள். மற்றவர்கள் வரிசையில் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து பிடுங்கி எடுத்தபோது அவனுக்குச் சட்டையும் இல்லை, நடக்கத் தெம்பும் இல்லை.

படியோரத்தில் ஆபீசர் பில்லர் முதல் மாடித் தரையைப் பொத்துக்கொண்டு நேராக நின்றது. கீழே சந்தில் டார்ச் அடித்துப் பார்த்தார் மீட்புப் படைக்காரர். மேஸ்திரியின் கைகள் இன்னும் தூணைச் சுற்றியே இருந்தன. பக்கத்துத் தூண்கள் விட்ட பாரமெல்லாம் பீமோடு அவன் முதுகில் இறங்கியிருந்தது.

"ஒரு தூண் மட்டும் நல்லா இருந்து என்ன செய்ய?" என்றார் மேடம் ஸ்ட்ரெச்சரிலிருந்து. கடுகு முதல் மாடி பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது இப்போது தரைமட்டத்தில் இருந்தது. கதவு திறக்கவில்லை. எண்ணிக்கொண்டே நின்றான். எழுபது வரைக்கும் எண்ணினான்.

கதவு உடைந்து விழுந்தது. நெற்றியில் ரத்தமும் தலையெல்லாம் சுண்ணாம்புமாக அக்கா வெளியே வந்து, பால்கனிக் கம்பியைத் தாண்டி, நேராகத் தரையில் கால் வைத்தாள். யாரோடும் பேசாமல் மகளிடம் போய் மண்டியிட்டாள். மிஷினை முந்தானையால் துடைத்து அந்தச் சின்னக் காதில் மாட்டினாள்.

கடுகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். உடைந்த வாயோடு, பொத்தாமல், ஊர் பார்க்க ஓவென்று அழுதான்.

மூன்று நாளைக்குப் பிறகு முதல் சத்தம் கேட்ட குழந்தை சுற்றும் முற்றும் பார்த்தது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்ததும் அதற்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"அம்மா, மாமாவுக்கு அழக்கூடத் தெரியுமா?"